தாத்தா காலத்து காருக்கு புது பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!
ஒரு தாள் கனம்தான் ஒரிஜினல் பெயிண்ட்... ஒருமுறை போனால் திரும்ப வராது

கோவை:

வீட்டு ஷெட்டில் பல வருஷமாக தூசி படிந்து நிற்கிறது ஒரு பழைய அம்பாசிடர். தாத்தா வாங்கியது. அப்பா ஓட்டியது. பேரன் ஒருநாள் அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்து பார்க்கிறான். பானெட் மேலே வெளிறிப்போய் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. கையால் தடவினால் விரலில் மாவு ஒட்டுகிறது. "பெயிண்ட் செத்துப்போச்சு, ஃபுல் பெயிண்டிங் போட்டுடலாம்" என்று முடிவு செய்து நேராக பட்டறைக்கு அனுப்பி விடுகிறான்.

பத்தே நாளில் கார் கண்ணாடி மாதிரி பளபளவென்று திரும்பி வருகிறது. தெருவே வேடிக்கை பார்க்கிறது. ஆனால் அந்த பத்து நாளில் திரும்ப வாங்கவே முடியாத ஒன்றை அந்த குடும்பம் தொலைத்து விட்டது. கம்பெனியில் அடித்த ஒரிஜினல் பெயிண்ட்தான் அது.

இன்ஜின் போனால் மாற்றலாம். சீட் கிழிந்தால் தைக்கலாம். கண்ணாடி உடைந்தால் தேடிப்பிடித்து வாங்கலாம். ஆனால் கம்பெனி அடித்த பெயிண்டை சுரண்டி எடுத்து விட்டால் உலகத்தில் எந்த கடையிலும் கிடைக்காது. அதே கலரை கலக்கி அடிக்கலாம். அது அதே கலர்தானே தவிர, அதே பெயிண்ட் கிடையாது.

இதில் வேதனை என்னவென்றால், இப்படி சுரண்டப்படும் பெயிண்டில் நிறைய இடங்களில் உண்மையில் பெயிண்ட் சாகவே இல்லை. மேல் தோல் மட்டும்தான் காய்ந்து போயிருக்கும். அடியில் உயிர் இருக்கும்.

வெளிறிப் போவது ஏன்?

இப்போது வரும் கார்களில் கலர் பெயிண்டுக்கு மேலே நிறமே இல்லாத 'கிளியர் கோட்' என்று ஒரு அடுக்கு இருக்கும். வெயிலும் மழையும் முதலில் அதைத்தான் தாக்கும். பழைய அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களில் அந்த கவசம் கிடையாது. பிரைமருக்கு மேலே கலர் பெயிண்ட், அவ்வளவுதான். கலர்பொடி நேராக வெயிலைப் பார்த்து நிற்கும்.

பெயிண்டில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று கலர்பொடி. இன்னொன்று அந்த பொடியை ஒன்றோடு ஒன்று பிடித்து வைத்திருக்கும் பசை. வருஷக்கணக்கில் வெயில் பட்டால் மேலே உள்ள பசை செத்துப்போகும். பொடி தனியாக உதிரும். விரலில் ஒட்டும் மாவு அதுதான். சிவப்பு கலர்கள் சீக்கிரம் வெளிறி ரோஸ் கலருக்கு வந்து விடுவதும் இதனால்தான்.

இந்த செத்த அடுக்கு மிக மெல்லியது. அதை பக்குவமாக எடுத்தால் அடியில் பழைய கலர் அப்படியே இருக்கும்.

டூகோ வந்த கதை

கார்கள் வந்த புதிதில் மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் அடிப்பது போல பிரஷ்ஷால்தான் வார்னிஷ் பெயிண்ட் அடித்தார்கள். ஒவ்வொரு கோட்டும் காய வேண்டும். ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் போர்டு கம்பெனியின் 'மாடல் டி' கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு கலரில் மட்டும்தான் வந்தது.

1923-ல் டூபாண்ட் கம்பெனியின் 'டூகோ' பெயிண்ட் வந்தது. ஜெனரல் மோட்டார்சின் 'ஓக்லாண்டு' காரில் முதலில் நீல கலரில் அடித்தார்கள். ஸ்பிரே அடித்தால் மணிக்கணக்கில் காய்ந்தது. கலர் கலராக கார் வர வழி பிறந்தது அதனால்தான். நம்மூர் பட்டறைகளில் பெரியவர்கள் ஸ்பிரே பெயிண்ட் வேலைக்கு 'டூகோ' என்று சொல்வது அந்த கம்பெனி வைத்த பெயர்தான்.

இந்த டூகோ ரக பெயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. எத்தனை வருஷம் ஆனாலும் தின்னர் பட்டால் கரைந்து விடும். அதனால் பழைய காரில் ஒட்டிய தாரையோ, ஸ்டிக்கர் பசையையோ எடுக்க தின்னரை தொடவே கூடாது. ஒரே துடைப்பில் கலர் துணிக்கு வந்து விடும்.

ஒரிஜினல்தானா? கண்டுபிடிப்பது எப்படி?

எல்லா பழைய காரிலும் ஒரிஜினல் பெயிண்ட் இருக்காது. நிறைய கார்கள் நாலைந்து தடவை பட்டி, டிங்கரிங் பார்த்தவை. எனவே வேலை தொடங்கும் முன் துப்பறிய வேண்டும்.

வெயிலும் பெயிண்டரும் எட்டாத இடங்களில்தான் உண்மை ஒளிந்திருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில், டிக்கி மேட்டை தூக்கி அதன் கீழே, கதவு ரப்பர் பீடிங்கை லேசாக விலக்கி அதன் பின்னால் பாருங்கள். அங்கே இருக்கும் கலரும் வெளியே இருக்கும் கலரும் வேறு வேறு என்றால் கார் மறுபடியும் பெயிண்ட் அடிக்கப்பட்டது. ரப்பர், குரோம் பட்டை ஓரங்களில் பெயிண்ட் தெறித்திருந்தாலும் அதே கதைதான்.

அடுத்தது காந்தம். மெல்லிய துணியில் சின்ன காந்தத்தை சுற்றி மட்கார்டு, கதவின் கீழ்பாகம் எல்லாம் வைத்துப் பாருங்கள். தகரத்தில் கப்பென்று பிடிக்கும். பட்டி தடித்த இடத்தில் பிடிக்காமல் நழுவும். பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே காரில் பானெட் ஒரு கனமும், கதவு அதைப்போல மூன்று மடங்கும் காட்டினால் கதவில் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கிளியர் கோட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி. துணியில் கொஞ்சம் பாலீஷ் எடுத்து மறைவான இடத்தில் தேய்க்க வேண்டும். துணியில் கார் கலர் வந்தால் கிளியர் கோட் இல்லாத பழைய ரக பெயிண்ட். வெள்ளை காருக்கு கறுப்பு துணியில் பார்க்க வேண்டும். வெள்ளை துணியில் வெள்ளை தெரியாது அல்லவா?

ஒரு தாள் கனம்தான்!

பெயிண்ட் கனத்தை 'மைக்ரான்' கணக்கில் அளக்கிறார்கள். ஒரு மில்லி மீட்டரில் 1,000 மைக்ரான். நாம் எழுதும் சாதாரண வெள்ளைத்தாள் கிட்டத்தட்ட 100 மைக்ரான். காரின் மொத்த பெயிண்டும், பிரைமரையும் சேர்த்து, சுமாராக அந்த கனம்தான் இருக்கும். பல வருஷமாக துடைத்து, பாலீஷ் போட்ட காரில் அதைவிட குறைவு.

முரட்டு ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெஷினை வைத்து அழுத்தினால் ஒவ்வொரு முறையும் இந்த தாளில் கொஞ்சம் தேய்ந்து போகும். மடிப்பு, விளிம்பு, பானெட் நடு மேடு போன்ற இடங்களில் பெயிண்ட் இன்னும் மெல்லிசு. அங்கே மெஷின் சில வினாடி அதிகம் நின்றால் போதும், அடியில் உள்ள பிரைமர் பல்லிளிக்கும். அதன்பின் அழுதாலும் வராது.

அதனால்தான் பழைய பெயிண்ட் வேலை தெரிந்த ஆள், "எவ்வளவு பளபளப்பு வரும்" என்று பார்ப்பதில்லை. "எவ்வளவு பெயிண்ட் மிச்சம் இருக்கும்" என்றுதான் பார்ப்பார்.

முதல் வேலை: கழுவுவது

வாட்டர் சர்வீசில் விட்டு பிரஷர் தண்ணீர் அடிப்பது பழைய காருக்கு ஆகாது. பெயிண்ட் விரிந்த இடத்தில் தண்ணீர் வேகமாக பட்டால் செதில் செதிலாக பெயர்ந்து வரும். சாதாரண ஓஸ் தண்ணீர் போதும்.

துணி துவைக்கும் சோப்புத்தூள், பாத்திரம் விளக்கும் சோப்பு இரண்டும் வேண்டாம். கார் ஷாம்புதான் சரி. இரண்டு வாளி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கினால் மண்ணை எடுத்து மண்ணாலேயே தேய்ப்பது போல் ஆகிவிடும். மேற்கூரையில் தொடங்கி கீழே வர வேண்டும். கழுவி முடிந்ததும் கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தண்ணீர் உள்ளே தங்கினால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

துணி விஷயத்திலும் கவனம் தேவை. நம்ம பக்கம் எல்லா பட்டறையிலும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். கைக்கு கிரீஸ் துடைக்க அது அருமையான துணி. ஆனால் அதில் தையல், எலாஸ்டிக், பட்டன் துண்டு கலந்து வரும். பழைய பெயிண்டில் அது கோடு போட்டு விடும். நூல் பஞ்சு மாதிரி இருக்கும் மைக்ரோ பைபர் துணிதான் இதற்கு ஏற்றது.

இரண்டாவது: எண்ணெய் ஊற வைப்பது

காய்ந்து மாவாகிப்போன பெயிண்டை நேராக தேய்த்தால் பொடிப்பொடியாக உதிரும். வறண்ட களிமண்ணில் மண்வெட்டி போட்டால் தூள் பறக்கிறது, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊறியதும் பதமாக வெட்ட வருகிறது. அதேபோலத்தான் இதுவும்.

இதற்கென்று எண்ணெய்ச்சத்து நிறைந்த, அரைக்கும் தன்மை இல்லாத 'கிளேஸ்' கிடைக்கிறது. அதை தாராளமாக எடுத்து, சொரசொரப்பான டர்க்கி டவல் துணியால் சின்ன சின்ன இடமாக தேய்க்க வேண்டும். செத்த பெயிண்ட் துணியோடு வந்து விடும். பிறகு இன்னொரு முறை தடவி, நிழலில் ஒரு இரவு முழுக்க அப்படியே விட வேண்டும். வறண்ட மேல்பரப்பின் நுண்ணிய துளைகளில் எண்ணெய் இறங்கும். மறுநாள் துடைத்துப் பார்த்தால் கலர் ஒரு படி ஆழமாகத் தெரியும். தேவைப்பட்டால் இரண்டு, மூன்று தடவை செய்யலாம்.

எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் என்று கிளம்பிவிடக் கூடாது. அப்போதைக்கு பளபளக்கும். சாயங்காலத்துக்குள் ஊரில் உள்ள தூசி எல்லாம் அதில் வந்து ஒட்டும்.

மூன்றாவது: பாலீஷ்

விளிம்பு, மடிப்பு, எழுத்து பேட்ஜ் ஓரம் எல்லாவற்றிலும் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். பிறகு ஒரு அடிக்கு ஒரு அடி இடம் எடுத்து, இருப்பதிலேயே மிருதுவான பாலீஷை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலேயே பலன் தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பலன் இல்லை என்றால் மட்டும் அடுத்த படி. எடுத்த எடுப்பில் முரட்டு காம்பவுண்டும் உப்புத்தாளும் எடுப்பதுதான் பலர் செய்யும் தப்பு.

ஆழமான கோடுகளை முழுசாக எடுக்க நினைக்கக் கூடாது. கோட்டின் அடிவரை மற்ற இடத்தையும் தேய்த்தால்தான் கோடு மறையும். ஒரு கோட்டுக்காக ஒரு பேனல் பெயிண்டையே இழக்க வேண்டுமா? கோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக மெழுகு. 'கார்னாபா' என்ற பிரேசில் நாட்டு பனை ஓலையில் இருந்து எடுக்கும் மெழுகு கலந்த வாக்ஸ் போட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். எடுத்த கலரை காப்பாற்றுவது இதுதான். நம்மூர் வெயிலுக்கு சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டியிருக்கும். சிலிக்கான் கலந்த பாலீசை தவிர்ப்பது நல்லது. பின்னால் அந்த இடத்தில் டச்-அப் செய்தால் பெயிண்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

துரு இருந்தால்?

கல் தெறித்து பெயிண்ட் போன புள்ளிகளை அப்படியே விட்டால் துரு உள்ளே பரவும். அந்த புள்ளியை மட்டும் சுத்தம் செய்து, துருவை நிறுத்தும் மருந்து தடவி, பிரைமர் வைத்து, அதே கலரை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் போதும். ஒரு புள்ளிக்காக முழு கதவுக்கும் ஸ்பிரே அடிக்க தேவையில்லை.

அதற்காக எந்த காருக்கும் பெயிண்டே அடிக்கக் கூடாது என்பதல்ல. தகரம் ஓட்டை விழுந்து அரித்துப்போன கார், ஏற்கனவே பலமுறை அடித்து பாளம் பாளமாக வெடித்த கார், பாதிக்கு மேல் வெறும் தகரம் தெரியும் கார் இவற்றுக்கு முழு பெயிண்டிங்தான் வழி. முழுசாக அழிந்து போகாமல் காரை காப்பாற்றுவதுதான் முக்கியம். வேறு கலர் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி. புக்கில் பதிய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

தொழிலாளிக்கும் ஆபத்து

பழைய பெயிண்ட் வேலையில் பலர் கண்டுகொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. அந்த காலத்து பெயிண்டிலும் பிரைமரிலும் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். குறிப்பாக மஞ்சள், சிவப்பு கலர்களில். காய்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தால் அந்த தூசி மூக்கு வழியாக உடம்புக்குள் போகும். கையை கழுவாமல் டீயும் வடையும் சாப்பிட்டால் வாய் வழியாகவும் போகும். ஈயம் ரத்தத்தையும் நரம்பையும் பாதிக்கும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனால் குழந்தைகளுக்கும் ஆபத்து.

அதனால் தண்ணீர் தொட்டு தேய்க்க வேண்டும். கைக்குட்டை கட்டினால் போதாது, தூசி வடிகட்டும் மாஸ்க் வேண்டும். சாப்பிடும் முன் சோப்பு போட்டு கை கழுவ வேண்டும். வேலை உடுப்பை தனியாக துவைக்க வேண்டும். எண்ணெய் துணிகளை சுருட்டி மூலையில் போடாமல் விரித்து காயப்போடுவது நல்லது. ஆளி விதை எண்ணெய் போன்ற சில எண்ணெய் பட்ட துணிகள் குவியலாக கிடந்தால் தானாகவே சூடேறி தீப்பிடிக்கும்.

ஆயுத பூஜை அன்று உஷார்

வருஷத்தில் ஒருநாள் காருக்கு நாம் செய்யும் மரியாதையும் பெயிண்டுக்கு வினையாகி விடுகிறது. பானெட்டில் சந்தனம், குங்குமம் வைத்து நாள்கணக்கில் அப்படியே விட்டு விடுகிறோம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம், வறண்ட பழைய பெயிண்டில் இறங்கி கறையாக நின்று விடும். காய்ந்த சந்தனத்தை வறட்டு துணியால் தேய்த்தால் கோடு விழும். மாலை கட்டிய கம்பியும் கீறும்.

பொட்டை கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கலாம். மறுநாளே தண்ணீர் விட்டு ஊற வைத்து துடைத்து விட வேண்டும். மாலையை நூலில் கட்டினால் பிரச்சினை இல்லை.

காரை நிறுத்தும் இடமும் முக்கியம். மரத்தடி நிழல் என்று வேப்பமரம், மாமரத்துக்கு அடியில் விட்டால் பிசினும் காக்கை எச்சமும் பெயிண்டை தின்று விடும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கி புழுங்கும், பெயிண்ட் கொப்பளிக்கும். காற்று போகும் துணி கவர்தான் நல்லது. அதையும் காரில் தூசி இருக்கும்போது போடக் கூடாது.

மவுசு கூடுகிறது

முன்பெல்லாம் பழைய கார் போட்டி என்றால் புது பெயிண்ட் அடித்து மின்னும் கார்களுக்குத்தான் பரிசு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1950 முதல் நடக்கும் புகழ்பெற்ற பெபிள் பீச் கார் கண்காட்சியில், 2000-களின் தொடக்கத்தில் இருந்து, கை படாமல் பாதுகாக்கப்பட்ட கார்களுக்கு தனி பிரிவே இருக்கிறது. வெளிறிய பெயிண்டோடும் கிழிந்த சீட்டோடும் அங்கே கார்கள் கம்பீரமாக வந்து நிற்கின்றன.

நம் நாட்டிலும் 2021-ல் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்கு தனி விதி கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேல் ஆன, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத கார், டூவீலர்களை விண்டேஜ் வாகனமாக பதியலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதிதாக பதிய 20 ஆயிரம் ரூபாய், மறுபதிவுக்கு 5 ஆயிரம் ரூபாய் கட்டணம் என்று அந்த விதியில் கூறப்பட்டுள்ளது. இந்த வண்டிகளை தினசரி ஓட்டத்துக்கோ, வாடகைக்கோ பயன்படுத்த முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி பெருமையும் உண்டு. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவானது நம்ம மெட்ராஸ் பக்கத்தில்தான். அந்த கம்பெனி மூடி பல காலம் ஆகிவிட்டது. கோல்கத்தா அருகே அம்பாசிடர் தயாரிப்பும் 2014-ல் நின்று போனது. இனி ஒரு கார் கூட புதிதாக வரப்போவதில்லை. அந்த பேக்டரி தொழிலாளிகள் கையால் அடித்த பெயிண்ட் இப்போது மிச்சம் இருப்பது, அங்கங்கே வீட்டு ஷெட்களில் தூசிக்கு அடியில் மட்டும்தான்.

எனவே பழைய காரை வெளியே எடுத்ததும் பெயிண்டருக்கு போன் போடும் முன், ஒரு வாளி தண்ணீரும், கொஞ்சம் ஷாம்புவும், ஒரு நல்ல துணியும் எடுங்கள். டிக்கி மூடியில் ஓரமாக ஒரு அடி இடத்தை மட்டும் மேலே சொன்னபடி செய்து பாருங்கள். தாத்தா ஷோரூமில் இருந்து ஓட்டி வந்த அன்று இருந்த கலர் அங்கே எட்டிப்பார்த்தாலும் பார்க்கும். புது பெயிண்ட் அடிப்பதா வேண்டாமா என்பதை அதன்பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.